சாடியும் சுதந்திரமும்

வீட்டிலே ஆக்கும் பியரில் அடுத்தமுறை எந்த வகையை ஆக்குவது? மேலைநாட்டு நகரங்களில் ஓய்வுநேரக் கலையாக வளர்ந்துவிட்ட வீட்டு மதுவாக்கத்தில் ஈடுபட்டோர் தம்முள் ஓயாது கேட்டுக்கொள்ளும் வினா இது. வறுத்த தானியத்தின் கைப்பும் கருமையும் கொண்ட ஸ்டௌட்டா, இளமஞ்சள் நிறத்துப் பில்ஸ்னரா, கோதுமை கலந்ததா, புளிப்பேறியதா என்று அவர்கள் நாட்கணக்கில் ஆராய்வர். றப்பர் மரங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் நடுவே, கேகாலை மாவட்டத்தில் வாழும் நமக்கு இவ்வினாவைக் கேட்டதும் நகைப்பே தோன்றும். அரிசிக்கும் மாவுக்கும் கணக்குப் பார்க்கும் வீடுகளில் இதற்கு என்ன இடம்?

நகைத்து ஒதுக்குவது எளிது. ஆயினும் 'எதனை ஆக்குவது' என்று ஒருவன் கேட்க வேண்டுமாயின் அவனிடம் என்னென்ன இருத்தல் வேண்டும் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆக்குதற்கு இடம் வேண்டும். பாண்டம் வேண்டும். மூலப்பொருள் வேண்டும். வாரக்கணக்கிற் பொறுத்திருக்க ஓய்வு வேண்டும். ஆக்கியதற்காகச் சிறைக்கோ தண்டத்துக்கோ அஞ்சாத நிலை வேண்டும். இத்தனையும் உள்ளவனுக்கே அவ்வினா வினாவாகிறது. எனவே தேர்வு என்பது விருப்பத்தின் செயலா அல்லது நிலைமையின் செயலா என்ற பழைய தத்துவப் பிரச்சினை ஒரு மதுச் சாடிக்குள்ளும் கிடக்கிறது எனலாம்.

விருப்பம் பற்றிய மயக்கம் ஒன்றை முதலிற் களைதல் வேண்டும். இன்று சுவையின் பெயரால் தேர்ந்தெடுக்கப்படும் பியர் வகைகள் சுவையினாற் பிறந்தவை அல்ல. இலண்டன் மாநகரின் நிலத்தடி நீர் காரத்தன்மை மிக்கது. வறுத்த தானியத்தின் அமிலம் அக்காரத்தைச் சமன்செய்யும். ஆதலின் கருநிறப் பியரே அங்குச் சிறப்புற்றது. பேர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் நிறைந்திருந்தமையால் வெளிறிய ஏல் அங்கு ஓங்கிற்று. பொஹீமியாவின் பில்சன் நகரத்து நீர் மிக மென்மையானது. 1842ஆம் ஆண்டில் பொன்னிற லாகர் அங்கே தோன்றியதற்கு அந்நீரும் ஒரு காரணம். மண்ணும் நீரும் விதித்ததையே மக்கள் பருகினர். பின்னர் அதுவே தம் விருப்பமென நம்பினர்.

இயற்கை விதித்ததோடு உழைப்பின் அமைப்பும் விதித்தது. இலண்டனில் 18ஆம் நூற்றாண்டிற் பரவிய 'போர்ட்டர்' என்னும் கருநிறப் பியர், அந்நகரத்துச் சுமைகூலிகளால் அப்பெயர் பெற்றது. அதன் வலிய வடிவமே பின்னாளில் ஸ்டௌட் எனப்பட்டது. பெயர் கூலிக்காரனுடையது, சாடியோ முதலாளியுடையது. 1814ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆந் திகதி, இலண்டனின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சென் கைல்ஸ் பகுதியில், மியூ நிறுவனத்தின் மாபெரும் மரத்தொட்டி வெடித்துப் பெருகிய போர்ட்டர் வெள்ளம் வீடுகளை இடித்து 8 பேரைக் கொன்றது. தற்செயலாக நேர்ந்த விபத்து என்று விசாரணை முடிந்தது. கொட்டிய பியருக்குச் செலுத்திய வரியை அந்நிறுவனம் அரசிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. பொருளின் இழப்பை வரியின் மொழியில் எழுதத் தெரிந்த அரசு, உயிரின் இழப்பை எழுத அறிந்திருக்கவில்லை.

இன்றைய வீட்டு மதுவாக்குநர் இவற்றுள் ஒரு தளையை அறுத்துவிட்டார். அவர் தம் நீரைச் சோதித்து வேண்டிய உப்புக்களைச் சேர்க்கிறார். லாகர் நொதிப்பதற்கு 10 பாகை செல்சியசை ஒட்டிய குளிர்ச்சி வேண்டுமாயின் குளிர்சாதனப் பெட்டியை நாடுகிறார். நீரின் இயல்பை அறிந்தமையால் நீருக்கு அடிமையாகாதிருக்கிறார். சுதந்திரம் என்பது இயற்கை நியதியிலிருந்து தப்பியோடுவதில் இல்லை, அந்நியதியை அறிந்து பயன்கொள்வதிலேயே உள்ளது என்று ஹெகலின் வழிநின்று எங்கெல்ஸ் 1878இல் வெளியான நூலில் விளக்கியதற்கு இதனினும் எளிய உதாரணம் வேண்டுவதில்லை.

ஆனால் மற்றொரு வகை நியதியும் உண்டு. நிலம் யாருடையது, நேரம் யாருடையது, சட்டம் யாருடையது என்பன மனிதர் மனிதருக்கு விதித்தவை. நீரின் காரத்தன்மையை ஒருவன் தன் அறிவினால் வெல்லலாம். லயத்து அறையின் அளவை அவ்வாறு வெல்ல இயலாது. இவ்வேற்றுமையை மனத்திற்கொண்டு நம் மண்ணை நோக்குவோம்.

மது வீட்டில் ஆக்கப்படும் பொருளாக இருந்தமைக்குத் தமிழிலக்கியம் பழைய சான்று. இல்லத்திலேயே நெல்லரிசியினால் ஆக்கிய கள்ளுக்குத் 'தோப்பி' என்றொரு தனிப்பெயர் பெரும்பாணாற்றுப்படையிற் காணப்படுகிறது. அதே நூலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வலைஞர் குடியிருப்பைப் பாடுமிடத்து, குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பாண்டத்தில் ஆறவிட்டு, இடித்த நெல்முளையை அதனுட் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறார். முளைத்த தானியமே மாப்பொருளைச் சர்க்கரையாக்கும். பியரின் அடிப்படை இரகசியம் இதுவன்றி வேறில்லை. நம் மாணவர் 'பியர்' என்ற சொல்லை ஆங்கிலேயர் கொண்டுவந்த பொருளின் பெயராக மட்டும் அறிவர். குளக்கரை மீன்பிடிக் குடிகள் தம் வீட்டுச் சாடியில் அதனை ஆக்கினர் என்பதைப் பத்துப்பாட்டுக் கற்பிக்கும் வகுப்பிலேனும் அவர் அறிதல் வேண்டும்.

கேகாலை மண்ணில் இச்சாடிக்கு ஈடாகக் கூறத்தக்கது கித்துள் முட்டி. தமிழிற் கூந்தற்பனை என வழங்கும் இம்மரத்தின் பெயரைக் கித்துள்கலை என்னும் ஊர் இன்றும் தாங்கி நிற்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இம்மரத்தைக் குறிப்பிட்டுள்ளார். சாதாரண மரமொன்று நாளொன்றுக்கு 3 அல்லது 4 கலன் இன்னீர் தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும் அவர் எழுதுகிறார்.

கித்துள் சீவும் குடும்பத்தினர் நாள்தோறும் எதிர்கொள்வது நம் தலைப்பு வினாவையே. மரத்திலிருந்து இறங்கும்போது முட்டியில் இருப்பது இனிய நீர். உடனே அடுப்பேற்றினால் பாணி. மேலும் இறுகக் காய்ச்சினால் கருப்பட்டி. சில மணி நேரம் அப்படியே விட்டால் காற்றிலும் முட்டியிலும் வாழும் மதுவம் தன் வேலையைத் தொடங்கிக் கள்ளாக்கிவிடும். நாட்கணக்கில் விட்டால் காடி. நொதித்தலைத் தடுக்க 'ஹல்' என்னும் மரத்தின் பட்டையை முட்டியில் இடுவதும் உண்டு. எதனை ஆக்குவது என்பதை விறகின் இருப்பும், பாணியின் விலையும், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்துக்கு எழும் தேவையும், வீட்டுக்கு வரும் விருந்தும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இங்குத் தேர்வு உண்மையான தேர்வாயிருத்தலைக் காண்கிறோம். காரணம் தெளிவானது: மரம் அவர்களுடைய தோட்டத்தில் நிற்கிறது.

அம்மரத்திலிருந்து அரைக் கட்டை தூரத்திலேதான் லயம் தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதியில்லாக் காட்டையும் சேனையையும் அரசுடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. சிங்களக் கிராமத்தவன் தன் காட்டையும் அதிலிருந்த கித்துளையும் இழந்தான். தமிழ்க் கூலியாள் கடல் கடத்திக் கொணரப்பட்டு, தனக்கென ஒரு மரமும் ஒரு சாண் மண்ணுமின்றி அதே நிலத்திற் குடியேற்றப்பட்டான். இருவரையும் வஞ்சித்த கை ஒன்றே. விடியற்காலையில் றப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளியும் கித்துள் சீவும் கிராமத்தவனும் தொழிற்றிறத்தில் உடன்பிறந்தாரைப் போன்றவர். மரத்தை நோகாமற் கீறி அதன் சாற்றை வருவிக்கும் நுட்பம் இருவர் கையிலும் உண்டு. ஒருவன் இறக்குவதை என் செய்வதென்று அவனே தீர்மானிக்கிறான். மற்றவன் இறக்கும் பாலின் ஒரு துளியும் அவனுடையதன்று.

சட்டத்தின் கதையையும் நோக்குதல் வேண்டும். குடியேற்ற ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. இக்குத்தகைகளே இலங்கையில் ஒரு முதலாளி வர்க்கம் செல்வம் திரட்டியதற்கு முக்கிய வாயிலாயின என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியான தமது ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். அடுத்து வந்தது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம். உரிமமின்றி மது ஆக்குதலும் கள்ளிறக்குதலும் அதன்படி குற்றம். பல திருத்தங்களுடன் அச்சட்டமே இன்றும் நடைமுறையிலுள்ளது. அக்காலத்திற் புதிய கள்ளுத் தவறணைகளுக்கு எதிராக எழுந்த மதுவிலக்கு இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்புக்கும் பயிற்சிக்களமாயிற்று என்பதை மறுத்தலாகாது. எனினும் சட்டத்தை இயற்றியோரின் கண் குடிப்பவனின் நலத்தில் இல்லை, வருவாயிலேயே இருந்தது. நுவரெலியாவின் குளிரில் 1881இல் நிறுவப்பட்ட பியர் வடிசாலை உரிமத்துடன் வளர்ந்தது. தொழிலாளி வீட்டுச் சாடி குற்றப்பொருளாயிற்று.

பிற நாடுகளில் நிகழ்ந்ததையும் ஒப்பிடலாம். பிரித்தானியாவில் வீட்டில் பியர் ஆக்குவோர் உரிமம் பெறவேண்டும் என்று 1880இல் விதிக்கப்பட்டது. 1963இல் அவ்விதி நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு ஜனாதிபதி காட்டர் கையெழுத்திட்ட சட்டம், விற்பனைக்கன்றித் தம் வீட்டுத் தேவைக்காக வளர்ந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலன் வரை பியர் ஆக்கிக்கொள்ள இடமளித்தது. நமக்கு அச்சட்டத்தை எழுதித் தந்த நாடு தன் மக்களுக்கு அதனைத் தளர்த்திக்கொண்டது. நாமோ அது தந்ததைக் கட்டிக் காத்து வருகிறோம்.

இச்சட்டத்தின் நிழலில் லயத்திலே நிகழ்வது யாது? அங்கும் மது ஆக்கப்படுகிறது. சீனியும் நீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பீப்பாயில் ஊறவைத்த கோடா, ஓடைக்கரைப் பற்றைக்குள் இரவோடிரவாகக் காய்ச்சப்பட்டுக் கசிப்பாகிறது. அதனை ஆக்குவோன் ஏன் மென்மையான பானமொன்றை ஆக்குவதில்லை? அவனுக்குச் சுவை தெரியாது என்பார் சிலர். உண்மை அதுவன்று. மென்மது பருமன் மிக்கது, மணம் காட்டிக்கொடுக்கும், இரண்டொரு நாளிற் கெட்டுவிடும். அதே சரக்கைக் காய்ச்சிச் செறிவாக்கினால் ஒரு போத்தலில் ஒளித்துக் கொண்டுசெல்லலாம். மென்மைக்கும் வன்மைக்கும் தண்டனை ஒத்ததாயின் ஒளிப்பவன் வன்மையையே நாடுவான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோதும் பியர் அருகி வடிமது மேலோங்கியது. குடிப்பவனின் நிலையும் அத்தகையதே. பகல் முழுதும் மலையில் ஏறியிறங்கி, இருளுமுன் 10 அடிக்கு 12 அடி அறைக்குத் திரும்பி, மறுநாட் காலைப் பெரட்டுக்கு எழவேண்டியவனுக்குச் சிறுகச் சிறுகச் சுவைத்தற்கு நேரமில்லை. மிகக் குறைந்த காசில், மிகக் குறைந்த நேரத்தில், மிகுந்த மறதியே அவனுக்கு வேண்டியதாகிறது.

நாம் கூறவந்த கருத்து இங்கேதான் திரள்கிறது. ஓய்வும் உரிமையும் உள்ளவன் சுவையைத் தேர்கிறான். அவை அற்றவனுக்கு வலிமை மட்டுமே எஞ்சுகிறது. ஒரு சமுதாயத்தின் உழைப்பாளர் எவ்வளவு குடிக்கின்றனர் என்பதை மட்டும் அளந்து அவர்தம் ஒழுக்கத்தை மதிப்பிடுவோர், அவர்களுக்கு மென்மையானதைத் தேர்ந்தெடுக்கும் நிலை இருந்ததா என்பதையும் அளத்தல் வேண்டும். 1845ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த எங்கெல்ஸ், அவர்களிடையே மலிந்த குடியைத் தனிமனிதக் குற்றமாகக் கொள்ளாது, அவர்களை அந்நிலைக்குத் தள்ளியோரின் பொறுப்பாகவே கண்டார்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும். இரண்டும் மதிப்புக்குரியவை.

முதலாவது வாதம் பெண்களுடையது. 'தேர்வு, சுதந்திரம் என்று நீங்கள் தத்துவம் பேசுகிறீர்கள். அடி வாங்குகிறவர்கள் நாங்கள்' என்று லயத்துத் தாயொருத்தி கூறின் நமக்கு மறுமொழி இல்லை. மனைவியின் சம்பளத்தையும் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. சம்பள நாளுக்கு மறுநாள் வகுப்பறையில் வெறுமையாகும் இருக்கைகளை ஆசிரியராகிய நாம் அறிவோம். மென்மதுவாயினும் ஒரு வீட்டின் அரிசியைக் குடித்துவிடக்கூடும். ஆனால் இவ்வாதம் நம் கருத்தை வீழ்த்தவில்லை; அதனை மேலும் ஆழமாக்குகிறது. ஆணுக்கு இல்லாத தேர்வு பெண்ணுக்கு அதனினும் இல்லை. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் வீட்டுப் பியரை ஆக்கியோர் பெரும்பாலும் பெண்கள். மதுவாக்கம் பெருமுதல் வேண்டும் தொழிலாக வளர்ந்தபோது அவர்கள் அதிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இலங்கையிற் பெண்கள் மது வாங்குதற்கிருந்த தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டுச் சில நாட்களிலேயே மீண்டும் விதிக்கப்பட்டது. பெண் குடிக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. மதுவைப் பற்றிய எந்தத் தீர்மானத்திலும், அது வீட்டின் சாடியாயினும் நாட்டின் சட்டமாயினும், அதனால் மிகவும் துன்புறுவோரின் குரலுக்கு இடமில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

இரண்டாவது வாதம் முழு மதுவிலக்கினருடையது. தமிழகத்தில் 1937ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கும், அதற்கு முன்னரே தம் தென்னைகளை வெட்டி வீழ்த்திய பெரியாரின் துணிவும் நன்னோக்கில் எழுந்தவையே. ஆயினும் நன்னோக்கு மட்டும் போதாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த கள்ளச்சாராயத்தால் மாண்டோர் 60க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் அன்றாடங்காய்ச்சிகள். நிலையை மாற்றாது பொருளை மட்டும் விலக்கினால் அப்பொருள் மேலும் கொடிய வடிவில் ஏழையின் கைக்கே திரும்பும்.

இச்சிக்கலை நம் மாவட்டத்து அரசியலும் சந்தித்துள்ளது. 1936இல் றுவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான சமசமாஜத் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா, 1964இல் நிதியமைச்சரானபோது, கள்ளிறக்குதலுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கருதினார். கள்ளச் சாராயத்தின் கொடுமையை மென்மதுவால் தணிக்கலாம் என்பது அதன் நோக்கம். பௌத்த மதுவிலக்கினரின் கடும் எதிர்ப்பு எழுந்தது, திட்டம் நிலைபெறவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 30இல்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 மக்கள் இந்தியாவுக்கு, 3,00,000 மக்கள் இலங்கைக்கு என்று மலையகத் தமிழர் பங்கிடப்பட்டனர். எந்தப் பானத்தைக் குடிப்பது என்று நாடு விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், எந்த நாட்டில் வாழ்வது என்ற தேர்வே இம்மக்களிடம் விடப்படவில்லை. கள்ளை எளிதாக்கிய அளவில் அவர்கள் விடுதலை பெற்றிருப்பார்களா? இல்லை. சாடியை மட்டும் திருத்துவதால், சாடி நிற்கும் நிலம் உரிமையாகிவிடாது.

எனவே எதனைக் கோருவது? மென்மையையும் வன்மையையும் வேறுபடுத்திக் காணும் நேர்மையான சட்டம் ஒருபுறம் வேண்டும். அதனினும் முன்னதாக வேண்டுவன: தோட்டத்தில் வாழ்வோருக்கு உறுதியுடன் கூடிய காணி, மாலைப்பொழுதைத் தமதாக்கும் வேலைநேரமும் கூலியும், பெண்ணின் சம்பளம் பெண்ணின் கையிலேயே சேரும் நடைமுறை, பேசவும் பாடவும் வாசிக்கவும் கூடுமிடம். சோசலிசத் தடைச்சட்டம் நிலவிய ஜெர்மனியில் தவறணையே தொழிலாளரின் அரசியல் மன்றமாய் விளங்கியதைக் காட்டி, அதனை மூடச் சொல்வோருக்குக் கௌட்ஸ்கி 1891இல் மறுப்புரைத்தார். நம் தோட்டங்களிலோ தவறணைக்கு மாற்றாக ஒரு வாசிகசாலையை எழுப்பும் பணி இன்னும் பல இடங்களில் எஞ்சியுள்ளது. அப்பணியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு.

அந்நிலை எய்தும் நாளில் லயம் வீடாகியிருக்கும். வீட்டின் பின்புறத்தில் ஒரு கித்துளும் நிற்கக்கூடும். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து, அடுத்து எதனை ஆக்குவது, பாணியா, கருப்பட்டியா, மென்கள்ளா என்று கேட்பாராயின் அவ்வினா நகைப்புக்குரியதாயிராது. இவற்றுள் மது ஒன்றும் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யவுங்கூடும். அவ்வாறு முடிவு செய்யின் அம்மறுப்பே உண்மையான மதுவிலக்கு. ஆக்கும் உரிமை உடையோன் ஆக்காதிருத்தலே அறம் எனப்படும். அவ்வுரிமை அற்றவனிடம் அறத்தைப் போதிப்பதற்கு முன், அவனுக்குரியதை அவனுக்குப் பெற்றுக் கொடுப்போம்.